மூட்டையைத் தொட்டதும் அந்த அம்மா ஏன் கத்தினார்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தினமும் வேலைக்குப் போகும் வழியில், ஒரு கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே வயதான அம்மா ஒருவர் மூன்று மூட்டைகளோடு இருக்கிறார். ஒரு நாள் மழை வரும்போல இருந்ததால், "வாங்கம்மா, காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறேன்" என்று சொல்லி இவர் ஒரு மூட்டையைத் தூக்கியிருக்கிறார். அந்த அம்மா கூப்பாடு போட்டு, கையில் கல்லையும் எடுத்துவிட்டாராம். "உதவ வந்தவனையே அடிக்க வருகிறாரே, இவர்களுக்குத் தெருதான் பிடித்திருக்கிறதா? சோம்பலா, குடியா, மனநோயா? உண்மையில் என்னதான் நடக்கிறது?" என்று கேட்கிறார்.

கேட்டதில் தப்பே இல்லை. தெருவில் படுத்திருப்பவர்களைப் பார்க்க, ஒரு தன்னார்வக் குழுவோடு 14 வருடமாக இரவுச் சுற்று போகிறேன். முதல் இரண்டு வருடம் நானும் இதே கேள்வியோடுதான் வீடு திரும்பினேன். பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது ஒன்றுதான். தெருவில் இருக்கும் ஒருவர் செய்வது நமக்கு எவ்வளவு கிறுக்குத்தனமாகத் தெரிந்தாலும் சரி, அவருக்கு முன்பு எப்போதோ நடந்த ஒன்றுக்கு அது பதிலாகத்தான் இருக்கும். நாம் பதிலை மட்டும் பார்க்கிறோம். நடந்தது என்னவென்று நமக்குத் தெரிவதில்லை.

முதலில் மூட்டைக்கே வருகிறேன். ஒரு மழைக்காலத்தில், பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு பெண்ணின் மூட்டை நனைந்துவிட்டது. அதற்குள் எனக்கும் அவருக்கும் ஏழெட்டு மாதப் பழக்கம். அவரே முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காயவைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய துணிகள், பிடி உடைந்த ஒரு சீப்பு, காலியான மாத்திரை அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் பைக்குள் பையாக நான்கு சுற்றுச் சுற்றி ஒரு காகிதக் கட்டு. வாடகை ரசீதுகள். ஆறு வருட ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். "பாத்துக்கோ தம்பி, ஒரு மாசம்கூட பாக்கி வைக்கல" என்றார். வீடு கைமாறியதும் புது உரிமையாளர் அவரைக் காலி செய்ய வைத்திருக்கிறார். அதோடு நிற்காமல், வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் இருக்கிறார். அந்தப் பேச்சுக்கு எதிராக இவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கட்டுதான்.

மூட்டையைத் தூக்கியபோது நீங்கள் தூக்கியது என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இன்னொரு விஷயமும் உண்டு. தெருவைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் இப்படிப்பட்ட மூட்டைகளை அப்படியே அள்ளி லாரியில் போட்டுக்கொண்டு போவது உலகத்தில் பல நகரங்களில் வாடிக்கை. அடையாள அட்டை, மருத்துவச் சீட்டு, பிள்ளையின் போட்டோ என்று எல்லாம் ஒரே நிமிடத்தில் போய்விடும். அடையாள அட்டை போனால் உதவித்தொகை போயிற்று, மருத்துவமனையில் பழைய பதிவும் போயிற்று. ஒரு தடவை இப்படிப் பறிகொடுத்தவருக்கு, மூட்டையின் பக்கம் நீளும் எந்தக் கையும் லாரிக்காரர் கைதான்.

சரி, இவர்கள் எப்படி இங்கே வந்து சேர்கிறார்கள்?

வீடு ஒரே நாளில் போய்விடுவதுபோல வெளியிலிருந்து தெரியும். பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே துணைக்கு இருந்த ஆட்கள் போயிருப்பார்கள். கணவரோ மனைவியோ இறந்திருப்பார், ஆஸ்பத்திரிச் செலவில் சேமிப்பு கரைந்திருக்கும், தம்பி வீட்டில் நாலு மாதம், தோழி வீட்டில் ரெண்டு மாதம், கூட வேலை பார்த்தவர் அறையில் பத்து நாள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டியிருப்பார்கள். கடைசிக் கதவும் சாத்தப்பட்ட நாளில்தான் நம் கண்ணில் படுகிறார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகம் வீடற்றவர்கள் சுமார் 3,200 பேரிடம் விவரம் கேட்டு 2023-ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கிடைத்த அவகாசம் பத்து நாளோ அதற்கும் குறைவோதான். அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஒரு நாள். இன்று சொல்லி நாளைக்கு வெளியே. துணைக்கு யாரும் இல்லாமல் தெருவில் இருந்த, 50 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் இரண்டு பேர் முதன்முதலாக வீடிழந்ததே அந்த வயதுக்குப் பிறகுதான் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க உழைத்து, வாடகை கொடுத்து, பிள்ளை வளர்த்தவர்கள் இவர்கள். நீங்கள் பார்த்த அம்மாவும் அப்படிப்பட்டவராக இருக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் குழந்தைப் பருவம் வரும். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 1998-ல் வெளியானது. சிறு வயதில் அடி, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர், சிறைக்குப் போன பெரியவர் என்று பல வகைத் துயரங்களைப் பட்டியலிட்டு, எத்தனையை அனுபவித்தீர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இது மருத்துவக் காப்பீடு வைத்திருந்த, ஓரளவு வசதியான மக்களிடம் எடுத்த கணக்கு. வீடற்றவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேர் இப்படி ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள், பாதிக்கு மேற்பட்டவர்கள் நான்கையோ அதற்கு மேலோ. அப்படிப்பட்டவர்களில் பலருக்கு 'வீடு' என்ற சொல்லே நாம் நினைக்கும் பொருளில் இருந்ததில்லை. அடி விழுந்த இடத்துக்குப் பெயர்தான் வீடு.

அடி என்றதும் நினைவுக்கு வருகிறது, இது அதிகம் பேசப்படாத விஷயம். டொரன்டோவில் 904 வீடற்றவர்களிடம் விசாரித்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மூளை பாதிக்கும் அளவுக்குத் தலையில் அடிபட்டிருந்தது. அவர்களில் 70 சதவீதம் பேருக்கு அந்த முதல் அடி விழுந்தது தெருவுக்கு வருவதற்கு முன்பு. தலையில் அப்படி அடிபட்டவருக்கு என்ன ஆகும்? சொன்னது மறந்துபோகும். சட்டென்று கோபம் வரும். மூன்று பக்க விண்ணப்பத்தை நிரப்ப முடியாது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னால் புதன்கிழமை வந்து நிற்பார். அலுவலகத்தில் இருப்பவர் கோப்பில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிடுவார். தலையில் ஏதாவது அடிபட்டதுண்டா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் வீடு போவதற்கு முன்னால் நடப்பவை. வீட்டை இழப்பதே ஒரு தனி அதிர்ச்சி என்பதை லிசா குட்மேன் என்ற உளவியலாளரும் அவருடன் இரண்டு பேரும் 1991-லேயே எழுதினார்கள். இழக்கும் அந்த நிமிடம் ஓர் அடி, அதன் பின் தங்கும் இடங்களின் நிலைமை இன்னோர் அடி, ஏற்கெனவே பட்ட காயங்கள் இவற்றால் திரும்பத் திறந்துகொள்வது மூன்றாவது. இந்த மூன்றும் சேர்ந்தால் இரண்டு விஷயங்கள் ஒரு மனிதரைவிட்டுப் போய்விடுகின்றன என்றார்கள். மற்றவர்மேல் உள்ள நம்பிக்கை ஒன்று, நாம் ஏதாவது செய்தால் ஏதாவது மாறும் என்ற எண்ணம் மற்றொன்று. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னால் தலையாட்டுவார், ஆனால் எழுந்திருக்க மாட்டார். சோம்பேறி என்று நாம் முடிவு கட்டுகிறோம். பத்து முறை எழுந்து போய்ப் பத்து முறையும் திரும்பி வந்தவர் பதினோராவது முறை எழுந்திருக்காததைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்கப்புறம் தூக்கம். என்னைக் கேட்டால் தெருவில் பசியைவிடக் கொடியது தூக்கமின்மை. இரவில் நாங்கள் போகும்போது பாதிப் பேர் விழித்துத்தான் இருப்பார்கள். படுத்திருப்பவர் செருப்பைத் தலைக்கு அடியில் வைத்திருப்பார். மூட்டையிலிருந்து வரும் கயிற்றின் மறுமுனை கணுக்காலில் கட்டியிருக்கும், யாராவது இழுத்தால் முழிப்பு வர வேண்டும் என்பதற்காக. பெண்களில் பலர் இரவு முழுக்க நடந்துகொண்டே இருந்துவிட்டு, வெளிச்சம் வந்து ஆள் நடமாட்டம் தொடங்கிய பிறகுதான் எங்காவது சாய்வார்கள். நீங்கள் வேலைக்குப் போகும்போது 'பட்டப்பகலில் தூங்குகிறார்களே' என்று பார்ப்பது அந்தத் தூக்கத்தைத்தான். 24 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.10 சதவீதம் மது உள்ளவரின் நிதானத்துக்குச் சமம் என்று 1997-ல் வந்த ஒரு சோதனை காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒரு சொட்டுக் குடிக்காதவர் தெருவில் தள்ளாடுவதற்கும் உளறுவதற்கும் இதுவே போதும்.

பெண்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். குளிக்க இடம் ஏற்பாடு செய்து கொடுத்தும் குளிக்க மறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். தலைமுடி சடை விழுந்து, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். மனநலம் சரியில்லை என்று நானே குறித்து வைத்திருந்தேன். ரொம்ப நாள் கழித்து எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்காவிடம் அவர் சொன்னது: "நாறினாத்தான் எவனும் கிட்ட வரமாட்டான்." அவருடைய நாற்றம் அவர் யோசித்துப் போட்டுக்கொண்ட வேலி. அந்தக் கோப்பில் நான் எழுதியதை அடித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. கலிஃபோர்னியா ஆய்விலும், ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து, அப்போது வீடிழந்து இருந்த அந்த ஒரு காலத்துக்குள்ளேயே ஐந்தில் இரண்டு பேர் அளவுக்கு அடிதடிக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருந்தார்கள்.

குடியும் மனநோயும் இல்லையா என்றால், இருக்கின்றன. மறைக்க ஒன்றும் இல்லை. வசதியான நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த கட்டுரை ஒன்று, வீடற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கணக்கிட்டது. வீடற்றவர்கள் மொத்தத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் மதுப் பழக்கத்தில் சிக்கியவர்கள். மனச்சிதைவு போன்ற கடும் நோய்கள் எட்டில் ஒருவருக்கு. ஆனால் எது முதலில் வந்தது என்பதை எண்ணிக்கை சொல்லாது. மனச்சிதைவால் வீட்டைவிட்டு நடந்து வந்தவரும் உண்டு. குளிரில் தூங்க முடியாமல், யாரோ நீட்டிய பாட்டிலில் தொடங்கியவரும் உண்டு. குடித்தால் குளிர் தெரியாது, பயம் தெரியாது, மூன்று மணி நேரமாவது கண் மூடும். பக்கத்தில் இருந்து பார்த்தால் அதை ஒழுக்கக்கேடு என்று சொல்ல வாய் வராது.

இனி காப்பகத்துக்கு ஏன் வர மறுக்கிறார்கள் என்பது. நல்ல காப்பகங்கள் இருக்கின்றன, அங்கே உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். இருந்தாலும் தெருவில் இருப்பவர்கள் பார்வையில் யோசித்துப் பாருங்கள். ஒரே கூடத்தில் முன்பின் தெரியாத முப்பது நாற்பது பேர். கதவைப் பூட்டும் சாவி வேறொருவர் கையில். விளக்கை எப்போது அணைப்பது, எப்போது எழுவது என்பதை இன்னொருவர் சொல்வார். சிறையில் இருந்தவருக்கு இது சிறை. அநாதை விடுதியில் வளர்ந்து அங்கே அடிபட்டவருக்கு அதே விடுதி. கணவன் மனைவியாக இருந்தால் ஆளுக்கொரு கட்டிடம், நாய் வைத்திருந்தால் அதை வாசலிலேயே விட வேண்டும். உள்ளே நுழைந்ததும் பெயர், ஊர், எப்படி வந்தீர்கள், குடும்பம் ஏன் விட்டது என்று கேட்பார்கள். அடுத்த வாரம் வேறொருவர் வந்து அதையே கேட்பார். வாழ்க்கையிலேயே மோசமான நாளை ஒவ்வொரு புது மனிதரிடமும் முதலிலிருந்து சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் சம்மதம் வரும்? எந்நேரமும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே பழகிய உடம்புக்கு, தெருவில் முதுகைச் சுவரோடு ஒட்டி உட்காரும் மூலை அந்தக் கூடத்தைவிடப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோகக் கதை இருந்தால்தான் தெருவுக்கு வருவார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். காயங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வாடகை எட்டாத ஊரில் அந்தக் காயம்பட்டவர் தெருவில் இருக்கிறார், எட்டும் ஊரில் ஓர் அறைக்குள் இருக்கிறார். வீடிழப்பவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ எப்படியோ மீண்டும் ஒரு கூரையைப் பிடித்துவிடுகிறார்கள், நாம் அவர்களைக் கவனிப்பதே இல்லை. வருடக்கணக்கில் நம் கண்ணில் படுகிறவர்கள் சிறு பகுதிதான். காயம் ஆழமாக இருப்பதும் அவர்களிடம்தான். இதைச் சொல்லக் காரணம், மனநல ஆலோசனை கொடுத்தால் போதும், வீடு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கணுக்காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படுக்கிறவருக்கு ஆலோசனை எங்கே போய்ச் சேரும்?

இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். 1992-ல் நியூயார்க்கில், குடியை நிறுத்து, மாத்திரை சாப்பிடு, அப்புறம் வீடு என்ற வரிசையை மாற்றி, தெருவில் இருந்தவருக்கு முதலிலேயே தனி வீட்டுச் சாவியைக் கொடுத்தார். சிகிச்சை வேண்டுமா என்பதைப் பிறகு அவரே முடிவு செய்யலாம். 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்' என்று அதற்குப் பெயர். குடிகாரர்கள் வீட்டை நாசம் செய்துவிடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் 2,000 பேருக்கு மேல் சேர்த்து இதைச் சோதித்தபோது, சோதனையின் கடைசி ஆறு மாதம் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள் இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான உதவிகளைப் பெற்றவர்களில் 31 சதவீதம். பின்லாந்து 2008 முதல் இதையே நாட்டுக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. பல காப்பகங்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாகவே மாற்றிவிட்டார்கள். 1980-களின் இறுதியில் அங்கே வீடற்றவர்கள் 18,000-க்கு மேல், 2023-ல் 3,500-க்கும் கீழே.

சாவி கொடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் ஒருவருக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்தோம், ஒன்பது வருடம் தெருவில் இருந்தவர். முதல் வாரம் போய்ப் பார்த்தால் கட்டிலைத் தொடவே இல்லை. கதவுக்குக் குறுக்கே தரையில், செருப்போடு, விளக்கு எரிய எரியப் படுத்திருந்தார். இரண்டு முறை அறையைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்ப் படுத்துவிட்டு வந்தார், அங்கே இருந்த ஆட்களைப் பார்க்காமல் தூக்கம் வரவில்லையாம். ஏதோ ஒரு மாதம், வழக்கம்போலப் போனேன். அறை வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. தெருவில் இருந்த ஒன்பது வருடத்தில் ஒரு இரவுகூடத் தன்னைவிட்டுத் தள்ளி வைக்காத செருப்பு. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.

குடும்பத்தோடு சேர்த்து வைத்துவிடலாமே என்று நிறையப் பேர் கேட்பார்கள். சிலருக்கு அது சரியான வழி. மனநோயால் வழிதவறி வந்தவர்களுக்குச் சிகிச்சை கொடுத்து ஊர் சேர்க்கும் பணிக்காக மருத்துவர் பரத் வட்வானிக்கு 2018-ல் மகசேசே விருது கிடைத்தது. ஆனால் எந்த வீட்டிலிருந்து தப்பி வந்தாரோ அதே வீட்டில் கொண்டுபோய் விடுவது உதவி ஆகாது. அதனால் முதலில் அவரைக் கேட்க வேண்டும். திரும்பிப் போக வீடே இல்லாத பெண்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைத்து, துணைக்கு ஓர் உதவியாளரையும் வைப்பதை 1993-ல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு செய்துவருகிறது. நிறுவனத்துக்குள் காலம் முழுக்க அடைபடுவதற்கும் பிடிக்காத உறவுக்குத் திரும்புவதற்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பது பெரிய ஆறுதல்.

இப்போது உங்கள் மாடிப்படி அம்மாவுக்கு வருகிறேன். நாளை அதே நேரத்துக்குப் போங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசாமல், நாலடி தள்ளி, அவர் வெளியே போகும் வழியை மறைக்காமல் உட்காருங்கள். மூட்டையைத் தொட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவர் பெயரைக் கேட்பதற்கு முன் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். மழைக்கென்று பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வாங்கி அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள், மூட்டைகளை அவரே மூடிக்கொள்வார். போட்டோ எடுக்காதீர்கள். நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் கட்டாயம் போங்கள், முடியாது என்று தெரிந்தால் சொல்லாதீர்கள். உங்கள் நகரத்தில் இரவுச் சுற்று போகும் குழு இருந்தால் தகவல் கொடுங்கள், அவர்கள் வரும்போது நீங்களும் கூட இருந்தால் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். காய்ச்சலோ புண்ணோ மயக்கமோ தெரிந்தால் மட்டும் இதையெல்லாம் பார்க்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அவர் பேச எத்தனை நாள் ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது. ரசீது வைத்திருந்த பெண் என்னிடம் பெயர் சொல்லவே ஐந்து மாதம் ஆனது. அது அவருடைய பெயர் இல்லை என்பது, மூட்டை நனைந்த அன்று ரசீதில் எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவர் முன்பு சொல்லியிருந்த பெயரைச் சொல்லியே விடைபெற்று வந்தேன். அடுத்த வாரம் போனபோது, உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, உண்மைப் பெயரை அவரே சொன்னார்.